பைன் ஸ்ட்ரீட் வேலர் ரோடு ஆனது: வீரப்பதக்கம் வாங்கினவங்களுக்கு ஒரு நகரம் வச்ச நினைவுச்சின்னம் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

எதுக்கு இந்த கேஸ்

போர்ல வீரப்பதக்கம் வாங்கின நம்ம ஊர்க்காரங்களுக்கு பொது இடத்துல ஏதாவது வைக்கணும்னு பேச்சு எடுத்தா போதும், மொதல்ல சிலைம்பாங்க, அப்புறம் நிதி வசூல், அப்புறம் கல்வெட்டுல யார் பேரு மேல வரணும்ங்கற சண்டை, அதுலயே ரெண்டு மூணு வருஷம் ஓடிடும். கனடாவுல வின்னிபெக்ங்கற நகரம் 1925ல இதையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு ஒரு தெருவோட பேர மாத்தி விஷயத்த முடிச்சாங்க. ஆனா அதே நகரம், அதே வருஷங்கள்ல, இன்னொரு பெரிய போர் நினைவுத்தூண் கட்டப்போய் ரெண்டு தடவ அசிங்கப்பட்டுது. ஒரே ஊரு, ஒரே காலம், ரெண்டு விதமான முடிவு. அதனாலதான் இந்த கேஸ எடுத்துக்கிட்டேன்.

பதக்கம் வாங்கின மூணு பேரோட பேரு அரசு கெஜட்லயே இருக்கறது, நினைவுச்சின்னமே அந்தப் பேருங்களுக்காகத்தான், அதனால அத மட்டும் போட்டிருக்கேன். கவுன்சில்காரங்க, கமிட்டிக்காரங்க, சிற்பிங்க, குடும்பத்துக்காரங்க யார் பேரும் இதுல இல்ல, பாடத்துக்கு அது தேவையும் இல்ல.

பின்னணி

வின்னிபெக் மானிட்டோபா மாகாணத்தோட தலைநகரம். 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ரயில்வே, கோதுமை வியாபாரம்னு ஊரு சட்டுனு பெருத்துச்சு, பிரிட்டன்லருந்தும் ஐரோப்பாவுலருந்தும் கிழக்கு கனடாவுலருந்தும் பொழப்பு தேடி ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தாங்க. வெஸ்ட் எண்ட்னு சொல்ற பகுதி இப்படி வந்தவங்க குடியேறின இடம், அங்க இருக்கற சார்ஜென்ட் அவென்யூவ ஒரு காலத்துல ஐஸ்லாந்துக்காரங்களோட மெயின் ரோடுன்னே சொல்லுவாங்க. அந்தப் பகுதியில போர்ட்டேஜ் அவென்யூலருந்து வடக்கால போற ஒரு சாதாரண தெருதான் பைன் ஸ்ட்ரீட். மரவீடுங்க, வேலைக்குப் போறவங்க குடும்பங்க. மாளிகையும் கிடையாது, தளபதிங்களும் குடியிருக்கல.

1914ல போர் வந்ததும் வின்னிபெக்லருந்து ஆயிரக்கணக்குல ஆளுங்க பட்டாளத்துல சேர்ந்தாங்க. போர் முடிஞ்சு கணக்கு பாக்கறப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தோட உச்சபட்ச வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கின மூணு பேரு பைன் ஸ்ட்ரீட்ல 700ஆம் நம்பர் வரிசைங்கற ஒரே பிளாக்ல குடியிருந்தவங்க. விக்டோரியா கிராஸ் எவ்வளவு அரிதுன்னு புரியணும்னா ஒரு கணக்கு சொல்றேன், முதல் உலகப்போர் முழுக்க, அத்தனை நாட்டுப் படைங்களுக்கும் சேர்த்து, குடுத்தது மொத்தம் 628. அதுல மூணு ஒரு தெருவோட ஒரு துண்டுக்கு வந்திருக்கு.

இந்த இடத்துல ஒன்னு கவனிக்கணும். பல எடத்துல மூணு பேரும் பக்கத்து வீட்டு சிநேகிதங்க, ஒன்னா கிளம்பி போருக்குப் போனாங்கங்கற மாதிரி கத சொல்றாங்க. உறுதியா சொல்ல முடியறது இவ்வளவுதான்: மூணு பேரும் ஏதோ ஒரு கட்டத்துல அந்த பிளாக்ல குடியிருந்திருக்காங்க. ஒன்னா போகவும் இல்ல, ஒரே படைப்பிரிவுல சண்டை போடவும் இல்ல.

மூணு பேரும் செஞ்சது

ஃபிரடெரிக் வில்லியம் ஹால். அயர்லாந்துல கில்கென்னியில பிறந்தவர், கனடா வர்றதுக்கு முன்னாடியே பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்திருக்கார். 8ஆம் பட்டாலியன்ல கம்பெனி சார்ஜென்ட் மேஜர். 1915 ஏப்ரல்ல பெல்ஜியத்துல இப்ரெஸ் பக்கம், ஜெர்மன்காரங்க மொத மொதல்ல பெரிய அளவுல குளோரின் வாயுவ விட்ட அந்த சண்டையில இருந்தார். ஏப்ரல் 23 ராத்திரி அடிபட்டு வெளிய கிடந்தவங்கள ரெண்டு தடவ போய் தூக்கிட்டு வந்திருக்கார். மறுநாள் காலைல பதுங்குகுழிக்கு கொஞ்ச தூரத்துல இன்னொருத்தர் முனகிட்டு கிடக்க, ஹாலும் இன்னும் ரெண்டு பேரும் போனாங்க, துப்பாக்கிச் சூடு தாங்காம கூடப்போன ரெண்டு பேருக்கும் குண்டு பட்டு திரும்ப வேண்டியதாச்சு. ரெண்டாவது தடவ ஹால் தனியா போனார், அடிபட்டவர் கிட்ட போய் சேர்ந்து அவர தூக்கற நேரத்துல தலையில குண்டு பட்டு செத்துட்டார். அவருக்கு அடையாளம் தெரிஞ்ச கல்லறை இல்ல. இப்ரெஸ்ல இருக்கற மெனின் கேட் வளைவுல, உடம்பு கிடைக்காத 54,000 பேருக்கு மேல பொறிச்சிருக்கற வரிசையில அவர் பேரு இருக்கு.

லியோ கிளார்க். ஆண்டாரியோவுல வாட்டர்டவுன்ல பிறந்தவர், கார்ப்பரல். 1916 செப்டம்பர் 9, பிரான்ஸ்ல சொம் போர்க்களம், பொசியேர் பக்கம். ஒரு பதுங்குகுழிய பிடிக்கப்போன அவரோட சின்ன குழுவுல கிட்டத்தட்ட எல்லாரும் அடிபட்டுட்டாங்க, அந்த நேரம் பாத்து ரெண்டு அதிகாரிங்களோட சேர்த்து சுமார் 20 ஜெர்மன் சிப்பாய்ங்க திருப்பி அடிக்க வந்தாங்க. கிளார்க் தன்னோட ரிவால்வர காலி பண்ணி, கீழ கிடந்த எதிரி துப்பாக்கிங்க ரெண்ட எடுத்து அதையும் காலி பண்ணார். கால்ல பயனெட் குத்து வாங்கியும் விடல. அன்னைக்கு தப்பிச்சவர் அடுத்த மாசமே வேற எடத்துல ஷெல் விழுந்து மண்ணுக்குள்ள சிக்கி, அக்டோபர் 19ஆம் தேதி ஆஸ்பத்திரில இறந்துட்டார். பதக்க அறிவிப்பு கெஜட்ல வந்தது அக்டோபர் 26ல, ஆள் போய் ஒரு வாரம் கழிச்சு. 1917ல வின்னிபெக்ல வச்சு கவர்னர் ஜெனரல் கையால அப்பாதான் அத வாங்கிக்கிட்டார்.

ராபர்ட் ஷாங்க்லண்ட். ஸ்காட்லாந்துல ஏர் ஊர்க்காரர், 43ஆம் பட்டாலியன், லெஃப்டினன்ட். 1917 அக்டோபர் 26, பாஷன்டேல். முழங்கால் அளவு சகதியில பெல்வியூ மேட்டப் பிடிச்சு, மிச்சம் இருந்த ஆளுங்களையும் பின்வாங்கி வந்த மத்த பிரிவுக்காரங்களையும் சேர்த்து வச்சு எடத்த விடாம நின்னார், அப்புறம் அவரே பின்னாடி தலைமையிடத்துக்குப் போய் நிலவரத்த துல்லியமா சொல்லிட்டு, திரும்ப தன் ஆளுங்ககிட்டயே வந்து சேர்ந்தார். அந்த மேடு கையவிட்டுப் போயிருந்தா அன்னைக்கு நடந்த தாக்குதலே வீணாப் போயிருக்கும். மூணு பேர்ல உயிரோட திரும்பினது இவர் மட்டும்தான். அடுத்த உலகப்போர்லயும் இங்கிலாந்துல இருந்த கனடா ராணுவத் தலைமையகத்துல வேலை பாத்துட்டு, 1968ல வான்கூவர்ல காலமானார்.

1925: எடுத்த முடிவு

1925ல பைன் ஸ்ட்ரீட் வேலர் ரோடு ஆச்சு. விக்டோரியா கிராஸ்லயே 'வீரத்துக்காக'ங்கற அர்த்தத்துல 'ஃபார் வேலர்'னு ரெண்டு வார்த்த பொறிச்சிருக்கும், அதுல ஒன்ன எடுத்து தெருவுக்கு வச்சிட்டாங்க. போர்ட்டேஜ் அவென்யூ முனையில தெருவிளக்கு கம்பத்துல விஷயத்த விளக்கி ஒரு வெண்கலத் தகடு. அவ்வளவுதான்.

இந்த முடிவு எனக்கு பிடிச்சதுக்கு காரணங்க இருக்கு. யார் பேரையும் தெருவுக்கு வைக்கல, அதனால மூணு பேர்ல யாரு மொதல்லங்கற கேள்வியே வரல, சார்ஜென்ட் மேஜர், கார்ப்பரல், லெஃப்டினன்ட்ங்கற பதவி வரிசையும் வரல. அந்த நேரத்துல ஒருத்தர் உயிரோட வேற இருந்தார், உயிரோட இருக்கறவர் பேர ரோட்டுக்கு வைக்கறதா வேணாமாங்கற தர்மசங்கடமும் இல்லாம போச்சு. செலவு கம்மி. புதுசா நிலம் தேட வேண்டியதில்ல. இதெல்லாத்தவிட முக்கியமா, நினைவுச்சின்னம் அவங்க வாழ்ந்த எடத்துலயே இருக்கு. சண்டை நடந்தது பெல்ஜியத்துலயும் பிரான்ஸ்லயும், ரெண்டு பேர் புதைஞ்சதும் அங்கதான், ஊர்ல அவங்க விட்டுட்டுப் போனது ஒரு வீட்டு விலாசம்தான், ஊரு அந்த விலாசத்தையே நினைவுச்சின்னமா மாத்திடுச்சு. அந்தத் தெருவுல குடியிருக்கறவங்க லெட்டர்லயும் கரண்ட் பில்லுலயும் தினமும் அந்தப் பேர எழுதித்தான் ஆகணும், எந்த சிலைக்கும் இந்த வாய்ப்பு கிடைக்காது.

அதே சமயத்துல நடந்த இன்னொன்னு

போர்ல செத்த எல்லாருக்கும் பொதுவா ஒரு நினைவுத்தூண் வைக்க நகரம் டிசைன் போட்டி நடத்துச்சு. ஜெயிச்சவர் டொராண்டோவுல இருந்த பேரெடுத்த சிற்பி, கனடாவுல வேற ஊருங்களுக்கு போர் நினைவுச்சின்னம் செஞ்ச அனுபவம் உள்ளவர். ஆனா அவர் பிறந்தது ஜெர்மனியில. சின்னப் பையனா இருக்கறப்பவே கனடா வந்து இங்கயே வளர்ந்து குடியுரிமை வாங்கினவர்தான், இருந்தாலும் எதிர்ப்பு கிளம்பிடுச்சு, எங்க பசங்கள கொன்ன நாட்டுல பிறந்தவர் எங்க பசங்களுக்கு கல் செதுக்கறதான்னு. கமிட்டி வளைஞ்சு குடுத்துச்சு, வேலைய அவருக்கு குடுக்கல.

ரெண்டாவது போட்டி வச்சாங்க, இந்த தடவ கனடாவுலயோ பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துலயோ நேச நாடுகள்லயோ பிறந்தவங்கதான் கலந்துக்கலாம்னு விதி போட்டு. 1927ல ஆண்டாரியோவுல பிறந்த ஒரு பெண் சிற்பி ஜெயிச்சாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க மொதல்ல ஜெயிச்ச அந்த சிற்பியோட மனைவி. அதுவும் போச்சு. கடைசில உள்ளூர் கட்டிடக் கலைஞர் ஒருத்தரோட டிசைன கட்டி 1928 நவம்பர்ல திறந்தாங்க. இன்னைக்கும் அது மெமோரியல் பூலிவார்டுல நிக்குது, கம்பீரமாத்தான் இருக்கு, ஆனா அதப்பத்தி படிக்கறவங்க செத்தவங்களப் பத்திப் படிக்கறதவிட இந்த ரெண்டு சிற்பிகளோட கதையத்தான் அதிகமா படிக்கறாங்க.

இப்ப ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. வேலர் ரோட்டோட மூணு வீரர்கள்ல ஒருத்தர்கூட வின்னிபெக்ல பிறக்கல. ஒருத்தர் அயர்லாந்து, ஒருத்தர் ஸ்காட்லாந்து, ஒருத்தர் ஆண்டாரியோ. அங்க யாரும் பிறந்த ஊர கேக்கல, எங்க தெருவுல குடியிருந்தாங்க, எங்காளுங்க, முடிஞ்சுது. தூண் விஷயத்துல மட்டும் பிறந்த எடம் எல்லாத்தையும் முடிவு பண்ணிச்சு. ஐரிஷ்காரரும் ஸ்காட்காரரும் எதிரி நாட்டுக்காரங்க இல்லையேன்னு சொல்லலாம், அது சரிதான், ஆனா ஒரு குடியேறி எப்ப ஊர்க்காரன் ஆகறான்ங்கற கேள்விக்கு ஒரே நகரம் ஒரே சமயத்துல ரெண்டு பதில் வச்சிருந்துச்சுங்கறதும் உண்மைதான்.

யாரு ஊர்க்காரங்கன்னு முடிவு பண்ற விதி

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா பட்டியல்ல யாரு இருக்காங்க யாரு இல்லங்கறத இதுதான் முடிவு பண்ணுது. முதல் உலகப்போர் நூற்றாண்டுக்கு பிரிட்டன் வேற வழில போச்சு, விக்டோரியா கிராஸ் வாங்கினவங்க ஒவ்வொருத்தருக்கும் அவங்க பிறந்த ஊர்ல நடைபாதையில ஒரு கல்லு பதிக்கறதுன்னு 2013ல அறிவிச்சாங்க. நல்ல திட்டம்தான், ஆனா வெளிநாட்டுல பிறந்தவங்கள என்ன பண்றதுன்னு வந்தப்ப 145 பேருக்கு ஸ்டாஃபர்ட்ஷயர்ல இருக்கற தேசிய நினைவு வனத்துல மொத்தமா வைக்க வேண்டியதாச்சு. பிறந்த ஊர்ங்கற அந்த விதிய வின்னிபெக்ல போட்டிருந்தா பைன் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு பேருகூட வந்திருக்காது. குடியிருந்த எடம்னு போட்டதாலதான் மூணும் வந்துச்சு.

எந்த விதியும் தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா விதிய மொதல்ல எழுதி வச்சிட்டு பட்டியல் போடணும், பட்டியல் போட்டுட்டு அதுக்கேத்தாப்புல விதி எழுதினா பின்னாடி வர்ற குடும்பத்துக்கு பதில் சொல்ல முடியாது.

அடுத்த 80 வருஷம்

தெருப்பேரோட பலம் என்னவோ அதுதான் பலவீனமும். பேரு புழக்கத்துல இருந்துச்சு, அர்த்தம் தேய்ஞ்சு போச்சு. வெஸ்ட் எண்ட்ல ஆளுங்க மாறிக்கிட்டே இருந்தாங்க, ஐஸ்லாந்துக்காரங்க போக பிலிப்பைன்ஸ்லருந்தும் வேற நாடுங்கள்லருந்தும் குடும்பங்க வந்தாங்க, புதுசா வந்தவங்களுக்கு வேலர் ரோடுங்கறது இன்னொரு ரோடு. கம்பத்துல இருந்த தகடு தெருவோட ஒரு முனையில, அதுவும் வண்டிங்க பறக்கற பெரிய ரோட்டோரம். நின்னு படிக்க ஒரு எடம் இல்ல, பூ வைக்க எடம் இல்ல, ஸ்கூல் பிள்ளைங்கள கூட்டிட்டு வந்து காட்டணும்னா எங்க நிப்பாட்டி காட்டறது.

நிலைமைய மாத்தினது கல்லும் இல்ல தகடும் இல்ல, டிவி. கனடா வரலாற்ற ஒரு நிமிஷத்துல சொல்ற குறும்படங்க 1990கள்ல வர ஆரம்பிச்சப்ப அதுல இந்த தெருவும் ஒன்னா வந்துச்சு, நாடு முழுக்க ஒரு தலைமுறை பிள்ளைங்களுக்கு இந்த மூணு பேர் கதை அதுலதான் போய் சேர்ந்துச்சு. மூணு பேரும் ஒன்னா போனாங்கங்கற மாதிரியான மசமசப்பு இவ்வளவு பரவினதுக்கு கதைய அவ்வளவு சுருக்கினதும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன், ஆனா அது இல்லாட்டி அடுத்து நடந்தது நடந்திருக்குமான்னு சந்தேகம்தான்.

2005: நிக்கறதுக்கு ஒரு எடம்

2005அ கனடா அரசு படைவீரர் ஆண்டா அறிவிச்சுது, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு 60 வருஷம். அந்த நவம்பர்ல வேலர் ரோடும் சார்ஜென்ட் அவென்யூவும் சந்திக்கற முனையில ஒரு சின்ன நினைவு முற்றம் திறந்தாங்க. மூணு சிப்பாய்ங்களோட உருவத்த நிழல் மாதிரி எஃகுல வெட்டி நிறுத்தி, கூடவே யாரு என்ன செஞ்சாங்கங்கற விவரமும் வச்சாங்க.

சிலை வைக்காம நிழலுருவம் வச்சது சரியான முடிவுன்னு எனக்குப் படுது. சிலைன்னா முகம் வேணும், முகத்துக்கு ஃபோட்டோ வேணும், செஞ்சு வச்சதும் இது அவர் மாதிரியே இல்லன்னு குடும்பம் சொல்லும். நிழலுருவத்துல அந்தப் பிரச்சனை இல்ல, எந்த சிப்பாயாவும் அத பாக்கலாம். அதோட போர்ட்டேஜ் முனைய விட்டுட்டு உள்ள தள்ளி, ஜனங்க கடைக்கும் பஸ்ஸுக்கும் நடக்கற எடத்துல வச்சதும் நல்ல காரியம்.

ஆனா 80 வருஷம். 1925ல அந்த மூணு பேர்ல ஒருத்தர் உயிரோட இருந்தார், செத்துப்போன ரெண்டு பேரோட பழகினவங்க ஊர்ல இருந்தாங்க. முற்றம் திறந்தப்ப நேர்ல பாத்தவங்க யாரும் இல்ல. தாமதம்னா என்னன்னு தெரிஞ்சுக்க அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல இருக்கற பியூப்லோவ பாக்கலாம், அங்க அமெரிக்காவோட உச்சபட்ச வீரப்பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் வாங்கின நாலு ஊர்க்காரங்களுக்கு 2000 செப்டம்பர்ல சிலை திறந்தாங்க, நாலு பேருமே போர்லருந்து உயிரோட திரும்பினவங்க. அதுல ரெண்டு பேரு அதே வருஷம் மார்ச்சுலயும் ஏப்ரல்லயும் போய் சேர்ந்துட்டாங்க, அஞ்சாறு மாசத்துல தவறிப்போச்சு.

பதக்கங்க எங்க போச்சு

தெரு வின்னிபெக்ல, பதக்கங்க குடும்பங்ககிட்ட. 2009ல ஷாங்க்லண்டோட விக்டோரியா கிராஸ் ஏலத்துக்கு வந்துச்சு, வெளிநாட்டு சேகரிப்பாளர் கைக்கு போயிடுமோன்னு பயம் இருந்துச்சு, ஒட்டாவாவுல இருக்கற கனடா போர் அருங்காட்சியகம் 2,40,000 கனடா டாலர் குடுத்து எடுத்துச்சு. அடுத்த வருஷம் கிளார்க்கோட பதக்கத்த குடும்பத்துக்காரங்க அதே அருங்காட்சியகத்துக்கு குடுத்துட்டாங்க. 2012ல ஹாலோடதும் வந்து சேர, மூணும் ஒரே எடத்துல கூடிச்சு. அந்த வருஷம் மூணையும் வின்னிபெக்குக்கு எடுத்துட்டு வந்து மானிட்டோபா அருங்காட்சியகத்துல ஒன்னா வச்சு காட்டினாங்க, அப்புறம் ஒட்டாவாவுக்கே திரும்பிடுச்சு.

குடும்பங்கள குறை சொல்ல ஒன்னுமில்ல, அது அவங்க சொத்து. ஆனா 1925லயோ அதுக்குப் பின்னாடியோ நகரம் அந்தக் குடும்பங்களோட ஒரு தொடர்பு வச்சிருந்து, பின்னாடி விக்கற நிலைமை வந்தா எங்களுக்கு மொதல்ல சொல்லுங்கன்னு எழுதி வாங்கியிருந்தா ஏலம் வரைக்கும் போயிருக்க வேண்டாம். நினைவுச்சின்னம் வைக்கறவங்க இதப்பத்தி யோசிக்கறதே இல்ல.

அந்தப் பேரு ஊர்ல வேற எடங்களுக்கும் பரவிச்சு. அக்கம்பக்கத்து சமூக மையத்துக்கு அந்தப் பேரு, 2019ல ஆட வந்த வின்னிபெக் கால்பந்து அணிக்கும் வேலர் எஃப்சின்னு பேரு வச்சாங்க. இதெல்லாம் யாரும் திட்டம் போட்டு செஞ்சதில்ல. மூணு ஆளுங்க பேர தெருவுக்கு வச்சிருந்தா ஒரு கால்பந்து அணி அத எடுத்திருக்குமா, எடுத்திருக்காது.

எங்க இடிக்குது

இப்ப பதக்கம்ங்கற அளவுகோலுக்கு வருவோம். வேலர் ரோட்டோட அடிப்படையே பதக்கம்தான். வின்னிபெக்லருந்து போய் திரும்பி வராதவங்களுக்கு பொதுத்தூண் இருக்கு, சரி, ஆனா ஹால் தூக்கப்போன அந்த அடிபட்ட சிப்பாய், கூடப்போய் குண்டு வாங்கின ரெண்டு பேரு, கிளார்க் குழுவுல விழுந்தவங்க, இவங்க இல்லாம அந்த பதக்கக் கதையே இல்ல. வீரச்செயல பாத்தவங்க உயிரோட திரும்பி சொன்னாதான் பதக்கம், யாரும் மிஞ்சலன்னா எவ்வளவு பெரிய காரியம் செஞ்சிருந்தாலும் கெஜட்ல வராது.

நம்ம பக்கம் இதுக்கு நேர் எதிரான குறை இருக்கு. வேலூர் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு, 1914 போருக்கு இங்கருந்து 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிர விட்டாங்கன்னு. அதே மாதிரி கல்லுங்க இன்னும் பல ஊர்கள்ல இருக்கு. எல்லாரையும் கணக்குல சேர்த்திருக்கு, ஒருத்தர் பேரும் இல்ல. வெறும் நம்பர். பேரு போடறது நமக்கு தெரியாத பழக்கமும் இல்ல, ஏழாம் நூற்றாண்டுல பல்லவர் காலத்துல செங்கம் பக்கம் எடுத்தனூர்ல நட்ட நடுகல்லுல வீரன் கருந்தேவக்கத்தி பேரோட, கள்வங்கள கடிச்சு காவல் நின்ன அவனோட நாய் கோவிவன் பேரும் வெட்டியிருக்கு. ஊர்ல மாடு மீட்க செத்தவனுக்கும் பேரு, ஊரு, என்ன சண்டைங்கறது வரைக்கும் எழுதி வச்சவங்க நாம. 1,300 வருஷம் கழிச்சு 14 பேருன்னு மட்டும் எழுதிட்டுப் போயிட்டாங்க காலனிக்காரங்க.

வேலர் ரோடு மாதிரி மூணு பேர தூக்கிப் பிடிக்கறதும், வேலூர் மாதிரி எல்லாரையும் நம்பராக்கறதும் ரெண்டுமே அரைகுறைதான், ஆனா ஒன்னத்தான் எடுக்கணும்னா பேரு இருக்கறதத்தான் எடுப்பேன். பேரு இருந்தா பின்னாடி ஒருத்தன் தேடிப் போக முடியும்.

திரும்ப செய்யறதா இருந்தா மாத்த வேண்டியது

தெருப்பேரு மாத்தறத அப்படியே வச்சுக்கலாம், அதுல குறை இல்ல. ஆனா பேரு மாத்தற அன்னைக்கே நின்னு படிக்கற ஒரு எடமும் சேர்ந்து வரணும், 80 வருஷம் கழிச்சு இல்ல. பெருசா வேண்டாம், ஒரு பெஞ்சு, ஒரு கல்லு, நிழலுக்கு ஒரு மரம். அந்தந்த வீட்டு வாசல்ல, இப்ப இருக்கறவங்க சம்மதிச்சா, ஒரு சின்ன தகடு வைக்கலாம், விலாசம்தான் இந்த நினைவுச்சின்னத்தோட உயிர்னு ஆனப்புறம் விலாசத்த ஏன் மறைக்கணும்.

எந்தப் பதக்கம் கணக்குல வரும்ங்கறத ஆரம்பத்துலயே எழுதணும், இதுல நம்ம ஊர்க்காரங்க நல்லாவே சிக்குவாங்க. மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவப் பொறியாளர் படையில இருந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944ல இத்தாலியில, வெடிக்கப்போற கண்ணிவெடி மேல தானே விழுந்து கூட இருந்தவங்கள காப்பாத்திட்டு செத்தார், அவருக்கு கிடைச்சது ஜார்ஜ் கிராஸ். எதிரிக்கு நேரா நின்னு செஞ்சதுக்குத்தான் விக்டோரியா கிராஸ்ங்கறதால அது வேற பதக்கம். பட்டியல்ல விக்டோரியா கிராஸ் மட்டும்னு போட்டா அவர் வெளிய. அதே மாதிரி சென்னைக்காரர் மேஜர் முகுந்த் வரதராஜன் 2014ல காஷ்மீர்ல ஷோபியான்ல தீவிரவாதிங்களோட நடந்த சண்டையில இறந்தார், கிடைச்சது அசோக சக்கரம், பரம்வீர் சக்கரம் எதிரிப்படைக்கு முன்னாடி செஞ்ச வீரத்துக்கு. போர் வீரர்கள்னு தலைப்பு போட்டு பரம்வீர் சக்கரத்த மட்டும் அளவுகோலா வச்சா அவரும் வெளிய. குண்டுக்கு முன்னாடி நிக்கறவனுக்கு இந்த வித்தியாசம் கிடையாது, கமிட்டிக்குத்தான். அதனால எதிரிக்கு நேரா நின்னதுக்கு குடுக்கற பதக்கம், மத்த வீரத்துக்கு குடுக்கற பதக்கம்னு ரெண்டு வரிசையையும் சேர்த்து, சேனா மெடல் வரைக்கும் எடுக்கறதா இல்லையாங்கறதையும் முடிவு பண்ணி, அத கல்வெட்டுலயே ஒரு வரியா போட்டுடணும், படிக்கறவங்களுக்கு யாரு ஏன் இல்லன்னு தெரியட்டும்.

ஊர்க்காரர்ங்கறதுக்கு பிறந்தவர், வளர்ந்தவர், பட்டாளத்துல சேர்றப்ப குடியிருந்தவர், மூணுல எதா இருந்தாலும் சேர்த்துக்கலாம்னு அகலமா வச்சா பிரச்சனை குறையும். ரெண்டு ஊரு ஒரே ஆளுக்கு உரிமை கொண்டாடினா கொண்டாடட்டும், அதுல யாருக்கும் நஷ்டம் இல்ல.

கலைஞர தேர்ந்தெடுக்கறப்ப விதிய போட்டிக்கு முன்னாடியே வெளியிடணும், ஜெயிச்சப்புறம் அவர் எங்க பிறந்தார் யார கல்யாணம் பண்ணார்னு பாக்கறதுக்கு இடமே இருக்கக்கூடாது. குடும்பத்துக்காரங்க ஒருத்தராவது கமிட்டியில உக்காரணும், கல்வெட்டு வாசகம் வெட்டறதுக்கு முன்னாடி அவங்க படிச்சு கையெழுத்து போடணும், சம்பவ விவரத்த பதக்க அறிவிப்போட வச்சு சரிபாக்கணும், ஊர்ல சொல்ற கதைய அப்படியே வெட்டிடக்கூடாது. கல்லுல பின்னாடி பேரு சேர்க்க கொஞ்சம் வெத்து எடம் விடணும். கூடவே பராமரிப்பு, எஃகு துருப்பிடிக்கும், எழுத்து மங்கும், பெஞ்சு உடையும், இத வருஷா வருஷம் எந்த அலுவலகம் எந்தக் கணக்குலருந்து செய்யும்னு தீர்மானத்துலயே எழுதி வாங்கிட்டுதான் கல்லுக்கு ஆர்டர் குடுக்கணும்.